சி.எம்.வி. ஐ.ஜி.எம். பாசிட்டிவ்: கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரத்தில் வந்த ஒரு ரிப்போர்ட்

பின்னணி

சைட்டோமெகலோ வைரஸ் (சி.எம்.வி.) தொற்றுக்கான ரத்தப் பரிசோதனையில் ஒரு கர்ப்பிணிக்குப் பாசிட்டிவ் வந்த கதை இது. தமிழகத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் நடந்தது. தம்பதியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டிருக்கிறேன். நான் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்யும் மருத்துவர். வழக்கமாக எனக்கு வருவது ரத்த மாதிரிதான், ஆள் இல்லை. இந்தத் தம்பதியை எங்கள் மகப்பேறு மருத்துவர் நேரே என் அறைக்கே அனுப்பிவைத்தார்.

பெண்ணுக்கு 27 வயது. திருமணமாகி நான்கு வருடம். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. கணவருக்கு விசைத்தறிப் பட்டறையில் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை கரு உண்டாகி, எட்டாவது வாரத்தில் ஒன்றும் ஒன்பதாவது வாரத்தில் ஒன்றுமாகக் கலைந்துபோயிருந்தன. இது மூன்றாவது கர்ப்பம். ஸ்கேனில் கருவின் இதயத் துடிப்பு தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கூடவே பயம்.

முந்தைய கருக்கள் தங்கவில்லை என்ற காரணத்துக்காக, அவர்கள் பார்த்துவந்த வெளி மருத்துவர் ஒன்பதாவது வாரத்தில் 'டார்ச்' பரிசோதனை எழுதிக்கொடுத்தார். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் ஆகிய கிருமிகளுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் புரதங்களை, அதாவது ஆன்டிபாடிகளை, ஒரே குழாய் ரத்தத்தில் பார்க்கும் தொகுப்பு இது. ஒவ்வொரு கிருமிக்கும் இரண்டு வகை ஆன்டிபாடி பார்ப்பார்கள்: தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் ஐ.ஜி.எம்., பிறகு வந்து நிலைக்கும் ஐ.ஜி.ஜி. நம் ஊரில் கரு கலைந்த பெண்களில் பலரிடம் இந்த ரிப்போர்ட் ஒன்றாவது இருக்கும்.

வந்த ரிப்போர்ட் இப்படி இருந்தது. டாக்ஸோபிளாஸ்மா இரண்டும் நெகட்டிவ். ருபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ். ஹெர்பிஸும் அதே மாதிரி. சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி., அதற்கு மட்டும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். இரண்டுமே பாசிட்டிவ். ஐ.ஜி.எம். குறியீடு 1.3. அந்தக் கிட்டில் 1.1க்கு மேல் போனால் பாசிட்டிவ். ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. கீழே விளக்கம் எதுவும் இல்லை.

குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், மூளை வளர்ச்சி பாதிக்கலாம், இப்போதே கலைத்துவிடுவது நல்லது என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. வேறொரு மருத்துவரையும் கேட்டுவிடலாம் என்று கணவரின் அக்கா வற்புறுத்தியதால்தான் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அப்போது கர்ப்பம் 10 வாரம் 4 நாள்.

முதல் சந்திப்பில் கவனித்தவை

அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்து, கழுவிவிட்டு, சோறூட்டுவதெல்லாம் அவர் வேலை. அங்கிருந்துதான் இது ஒட்டிக்கொண்டது என்று மாமியார் முடிவுகட்டியிருந்தார். கணவரின் பயம் வேறு. இணையத்தில் தேடியதில் இந்த வைரஸ் உடலுறவு வழியாகவும் பரவும் என்று படித்திருக்கிறார். அறைக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "மேடம், இது என்னால வந்ததுங்களா? நானும் டெஸ்ட் எடுக்கோணுங்களா?" என்றார். சந்தேகமும் பழியும் மூன்று பேருக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தன. பரிசோதனையைப் பற்றிப் பேசும் முன் இதைச் சரிசெய்யாவிட்டால், அடுத்து நான் சொல்லும் எதுவும் அவர்கள் காதில் ஏறாது என்று தோன்றியது.

அதனால் வைரஸைப் பற்றி முதலில் பேசினேன். சி.எம்.வி. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எச்சில், சிறுநீர், தாய்ப்பால் வழியாகப் பரவும். நம் நாட்டில் பெரும்பாலானோருக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. சளிக்காய்ச்சல் போல வந்துபோகும், அல்லது வந்ததே தெரியாது. ஒருமுறை வந்தால் உடம்பை விட்டுப் போகாது, அடங்கிக் கிடக்கும். இந்தியாவில் கர்ப்பிணிகளைச் சோதித்த ஆய்வுகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு, சில இடங்களில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாக இருந்திருக்கிறது. "உங்களுக்கு, அத்தைக்கு, எனக்கு, இந்த அறையில இருக்கிற எல்லாருக்குமே அநேகமா பாசிட்டிவாத்தான் இருக்கும்" என்று கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பரிசோதனை தேவையில்லை. பாசிட்டிவ் வந்தாலும் அதை வைத்து யார் யாருக்குக் கொடுத்தது என்று சொல்ல முடியாது.

மாமியார் அப்போதும் முழுதாக நம்பவில்லை. ஆனால் மருமகளைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அப்புறம் பழைய ரிப்போர்ட்டுகள் உண்டா என்று கேட்டேன். இரண்டாவது கரு கலைந்தபோதும் ஏதோ ரத்தப் பரிசோதனை செய்ததாகவும், 'இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லி மூன்று வாரம் மாத்திரை கொடுத்ததாகவும் அந்தப் பெண் சொன்னார். காகிதங்கள் வீட்டில் இருந்தன. கணவர் அன்று மதியமே பைக்கில் போய் ஒரு மஞ்சப்பை நிறைய எடுத்துவந்துவிட்டார்.

பையில் இருந்தது

ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் சென்டர் ரசீதுகள், அவற்றுக்கு நடுவே மடித்துவைத்த ஒரு பழைய டார்ச் ரிப்போர்ட். 14 மாதம் முந்தையது, வேறொரு ஆய்வகத்துடையது. அதிலும் சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். ஐ.ஜி.எம். குறியீடு 1.2, அதாவது அப்போதும் வரம்பை லேசாகத் தாண்டித்தான் இருந்திருக்கிறது.

இந்த ஒரு காகிதம் கேள்வியையே மாற்றிவிட்டது. சி.எம்.வி.யில் நாம் அதிகம் பயப்படுவது, இதுவரை அந்த வைரஸையே பார்க்காத பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்று வருவதைத்தான். அப்படி வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பில் அது கருவுக்குப் போகும். முதல் மூன்று மாதத்தில் போனால் பாதிப்பு மோசமாக இருக்கலாம். பிறவியிலேயே வரும் சி.எம்.வி., மரபணு சாராத காரணங்களால் குழந்தைகளுக்கு வரும் செவித்திறன் இழப்பில் முதலிடத்தில் இருக்கிறது. வெளி மருத்துவர் சொன்ன அபாயம் கற்பனை அல்ல. ஆனால் 14 மாதத்துக்கு முன்பே ஐ.ஜி.ஜி. இருந்த பெண்ணுக்கு இது முதல் தொற்றாக இருக்க முடியாது.

அந்தப் பழைய சீட்டில் எழுதியிருந்த மாத்திரை ஸ்பைராமைசின். அது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான மருந்து. சி.எம்.வி. மேல் அதற்கு எந்த வேலையும் இல்லை. 'டார்ச் பாசிட்டிவ்' என்று மொத்தமாகப் பார்க்கும்போது இப்படித்தான் ஆகிறது. எந்தக் கிருமி, எந்த ஆன்டிபாடி என்பதெல்லாம் மறைந்து, பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லுக்கு ஒரு மாத்திரை கிடைக்கிறது.

ஐ.ஜி.எம். ஏன் தனியாக நிற்காது

புதிதாகத் தொற்று வந்தால் முதலில் ஐ.ஜி.எம். தோன்றும், பிறகு ஐ.ஜி.ஜி. வந்து நிலைக்கும், ஐ.ஜி.எம். மறையும். பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்தது இது. இதனால்தான் ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றதும் புதுத் தொற்று என்று மனம் தாவுகிறது. சி.எம்.வி.யில் இந்தக் கணக்கு பல இடங்களில் பிசகும். சிலருக்கு ஐ.ஜி.எம். பல மாதங்கள், ஒரு வருடத்துக்கும் மேல்கூட நீடிக்கும். அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி தலைதூக்கும்போதும் வரலாம். எப்ஸ்டீன் பார் போன்ற உறவுக்கார வைரஸ் தொற்றின்போது கிட் குழம்பலாம். மூட்டுவாத நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் ருமட்டாய்டு காரணி என்ற ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தாலும் பொய்யான பாசிட்டிவ் வரலாம். கர்ப்ப காலத்தில் உடம்பின் எதிர்ப்பாற்றல் பொதுவாகத் தூண்டப்பட்டிருக்கும்போது, வரம்பை ஒட்டிய எண்கள் இன்னும் கூடுதலாகவே கண்ணில் படும்.

எண்களாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு பேச்சுக்கு ஆயிரம் கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். 950 பேருக்கு ஏற்கெனவே வந்துபோய்விட்டது. மீதி 50 பேரில் ஒருவருக்கு இந்தக் கர்ப்பத்தில் புதிதாக வருகிறது என்று வைப்போம். நாம் வைத்திருக்கும் கிட் மிக நல்ல கிட், நூறு பேரில் மூன்று பேருக்கு மட்டுமே தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்றும் வைப்போம். அப்போதும் சுமார் 30 பேருக்குப் பொய்யான பாசிட்டிவ் வரும். உண்மையான புதுத் தொற்று ஒருவருக்குத்தான். இந்த 31 பேரிடமும் 'கலைத்துவிடுங்கள்' என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பார்க்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை. இது கிட்டின் குற்றமல்ல. வரவே வாய்ப்புக் குறைவான ஒன்றை எல்லோரிடமும் தேடினால் எந்தக் கிட்டானாலும் இப்படித்தான் காட்டும்.

அதற்கு மேல், சி.எம்.வி. தொடர் கருச்சிதைவுக்கு நிரூபிக்கப்பட்ட காரணமும் அல்ல. 'டார்ச்' என்ற தொகுப்பை ஆந்த்ரே நாமியாஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் 1971இல் முன்வைத்தது, பிறந்த குழந்தையிடம் ஒரே மாதிரியான பாதிப்புகளை உண்டாக்கும் தொற்றுகளை மருத்துவர்கள் மறக்காமல் நினைக்க வேண்டும் என்பதற்காக. கரு ஏன் தங்கவில்லை என்று தாயின் ரத்தத்தில் தேடுவதற்கான தொகுப்பாக அது பிறக்கவில்லை. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2011இல் வெளியிட்ட தொடர் கருச்சிதைவு வழிகாட்டுதல், வழக்கமாக டார்ச் எடுப்பதைக் கைவிடவே சொன்னது. இங்கே இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

மகப்பேறு மருத்துவரும் நானும் அன்று மாலையே உட்கார்ந்து பேசினோம்.

முதல் முடிவு, கருக்கலைப்பைப் பற்றி இப்போது எதுவும் செய்வதில்லை. காத்திருப்பதால் எந்த வழியும் அடைபட்டுவிடாது. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, சட்டம் ஏற்கும் காரணம் இருந்தால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். அவர்கள் இருந்தது பதினொன்றாவது வாரத்தில். தம்பதியிடம் இதை வெளிப்படையாகச் சொன்னோம். கலைப்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு, ஆனால் அந்த முடிவை இந்த ஒரு எண்ணை வைத்து எடுக்க வேண்டியதில்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்றோம். 'நேரம் இருக்கிறது' என்ற பிறகுதான் அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டாவது முடிவு, அன்றே புதிய ரத்த மாதிரி எடுத்து ஐ.ஜி.ஜி. அவிடிட்டி பரிசோதனைக்கு அனுப்புவது. இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். தொற்று வந்த புதிதில் உருவாகும் ஐ.ஜி.ஜி. வைரஸின் புரதத்தைத் தளர்வாகத்தான் பிடிக்கும். மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும். பரிசோதனையில் யூரியா போன்ற ஒரு கரைசலை ஊற்றிக் கழுவுவார்கள். தளர்ந்த பிடி கழன்றுவிடும், இறுகிய பிடி நிற்கும். எவ்வளவு நின்றது என்பதைச் சதவீதமாகச் சொல்வார்கள். பிடி நன்றாக இறுகியிருந்தால் தொற்று வந்து குறைந்தது மூன்று, நான்கு மாதமாவது ஆகியிருக்கும் என்று பொருள்.

அதனால்தான் 'அன்றே' என்பது முக்கியம். பத்து, பதினொன்றாவது வாரத்தில் எடுத்த ரத்தத்தில் பிடி இறுகியிருந்தால், தொற்று கரு உண்டாவதற்கு முன்பே வந்தது என்று சொல்லிவிடலாம். அதே சோதனையை இருபதாவது வாரத்தில் எடுத்தால், நான்கு மாதம் முன்பு என்பது கர்ப்பத்தின் தொடக்கத்துக்குள்ளேயே விழுந்துவிடும். பதில் வந்தும் பயன் இருக்காது. 'ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

பழைய ரிப்போர்ட்டே போதாதா என்று மகப்பேறு மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் எண்ணம் என்னவென்றால், அந்தப் பழைய ஐ.ஜி.ஜி. வேறு ஆய்வகத்துடையது, வேறு கிட், ரத்தக்குழாய் மாறிப்போயிருக்காது என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஒரு குழந்தை பிறப்பதா வேண்டாமா என்பது ஒரே காகிதத்தை நம்பி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, நாமும் இன்னொரு ஒற்றைக் காகிதத்தை நம்பக் கூடாது. ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் ஒரே திசையைக் காட்டினால் அவர்களிடம் தயங்காமல் பேசலாம்.

மூன்றாவது, ஐ.ஜி.எம்.மை வேறு முறையில் இயங்கும் ஒரு கிட்டில் எங்கள் ஆய்வகத்திலேயே மறுபடி பார்ப்பது. நான்காவது, கரு தங்காததற்கு உண்மையிலேயே பார்க்க வேண்டியவற்றைப் பார்ப்பது. தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள், கருப்பையின் அமைப்பு. இவற்றில் தைராய்டைத் தவிர வேறெதையும் அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

வேலையை விட வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது. வேண்டாம் என்றோம். சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சி.எம்.வி. நீண்ட காலம் வெளியேறும் என்பது உண்மை. அதற்குத் தீர்வு சோப்புப் போட்டுக் கைகழுவுவது. மூக்கைத் துடைத்தபின், கழுவிவிட்டபின், ஊட்டியபின் கை கழுவ வேண்டும். குழந்தை கடித்த மீதியைத் தான் சாப்பிடக் கூடாது, ஒரே ஸ்பூனில் ஊட்டித் தானும் உண்ணக் கூடாது, உதட்டில் முத்தம் வேண்டாம். ஏற்கெனவே தொற்று வந்த பெண்ணுக்கும் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சி.எம்.வி.யில் பல வகைகள் இருப்பதால் வேறொரு வகை புதிதாகத் தொற்ற வாய்ப்பு இருக்கிறது. வீட்டு வருமானத்தில் ஒரு பகுதி அந்தப் பெண்ணின் சம்பளம். அதையும் மனதில் வைத்தே இந்த அறிவுரையைச் சொன்னோம்.

காத்திருந்த நாட்கள்

அவிடிட்டி எங்கள் ஆய்வகத்தில் செய்வதில்லை, வெளியூருக்கு அனுப்ப வேண்டும். பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எங்கள் மறுசோதனையில் ஐ.ஜி.எம். நெகட்டிவ். இதை உடனே சொல்லலாமா என்று யோசித்தோம். ஒரு லேப் பாசிட்டிவ், ஒரு லேப் நெகட்டிவ் என்றால் யாரை நம்புவது என்று குழம்புவார்களே! ஆனால் மறைத்துவைப்பது சரியாகப் படவில்லை. சொன்னோம். இது நல்ல செய்திதான், ஆனால் முடிவான செய்தி அல்ல, பிடியின் பதில் வரட்டும் என்றோம்.

அந்த வாரத்தில், கலைக்க இன்னும் வரவில்லையா என்று பழைய மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கணவரின் அக்கா தினமும் வந்து உடன் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மருத்துவர்களாகிய நாங்கள் எண்களோடு இருந்தபோது, அந்தப் பெண்ணைத் தாங்கியது அவர்தான்.

முடிவு வந்த பிறகு

அவிடிட்டி 78 சதவீதம். அந்தக் கிட்டில் 60க்கு மேல் என்றால் இறுகிய பிடி. பழைய ஐ.ஜி.ஜி., இறுகிய பிடி, இரண்டாவது கிட்டில் ஐ.ஜி.எம். நெகட்டிவ் என மூன்றும் ஒரே பக்கம் காட்டின. இது கர்ப்பத்துக்கு முன்பே வந்த பழைய தொற்று.

தம்பதியையும் மாமியாரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னோம். 'ஆபத்தே இல்லை' என்று மட்டும் நான் சொல்லவில்லை. பழைய தொற்று உள்ள தாயிடமிருந்தும் கருவுக்கு வைரஸ் போகலாம். ஒரு தாயைத் தனியாக எடுத்துக்கொண்டால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு, நூற்றில் ஒன்று அளவுக்குத்தான். ஆனால் நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லாத் தாய்மார்களுமே பழைய தொற்று உள்ளவர்கள் என்பதால், பிறவி சி.எம்.வி.யோடு இங்கே பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட தாய்மார்களுக்குத்தான் பிறக்கிறார்கள். எனவே, "இந்த ரிப்போர்ட்டால உங்களுக்கு ஆபத்து கூடல. மத்த கர்ப்பிணிகளுக்கு என்னவோ அதுதான் உங்களுக்கும்" என்று சொன்னேன். அந்தப் பெண் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "அப்ப இந்த டெஸ்ட்டே எடுக்காம இருந்திருந்தாலும் இதேதானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பனிக்குட நீர் எடுத்து வைரஸைத் தேடலாமா என்ற பேச்சும் வந்தது. வேண்டாம் என்று முடிவானது. புதுத் தொற்று என்று உறுதியானவர்களுக்கோ, ஸ்கேனில் சந்தேகம் வந்தவர்களுக்கோ அது பயன்படும். அதையும் 17ஆவது வாரத்துக்குப் பிறகு, தொற்று வந்து எட்டு வாரமாவது கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஊசி போடுவதில் கரு கலையும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. இரண்டு கருக்களை இழந்தவரிடம், தேவையில்லாத ஒன்றுக்காக அந்தச் சிறிதளவைக்கூட ஏற்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மற்ற பரிசோதனைகளில் தைராய்டு லேசாகக் கூடியிருந்தது, மாத்திரை தொடங்கினார்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் நெகட்டிவ். முந்தைய கருக்கள் ஏன் கலைந்தன என்பதற்கு உறுதியான காரணம் கிடைக்கவில்லை. ஆரம்ப வாரங்களில் கலைவதில் பாதிக்கும் மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பது. அதில் தாய் செய்ததோ செய்யாததோ எதுவுமில்லை. இதை நேரடியாகவே சொன்னோம், மாமியார் முன்னிலையில்.

19ஆவது வாரத்தில் விரிவான ஸ்கேன். சி.எம்.வி.யை மனதில் வைத்து மூளை அறைகளின் அளவு, மூளையில் சுண்ணாம்புப் படிவு, குடலின் வெண்மை, கல்லீரல், வளர்ச்சி எல்லாம் தனியாகப் பார்க்கப்பட்டன. எல்லாம் இயல்பு. அடுத்தடுத்த வளர்ச்சி ஸ்கேன்களும் அப்படியே. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தது.

பிரசவமும் குழந்தையும்

38ஆவது வாரத்தில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.8 கிலோ. தலைச் சுற்றளவு சரியாக இருந்தது. மஞ்சள் காமாலையோ தோலில் புள்ளிகளோ இல்லை.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. பிறந்த மறுநாள் செய்யும் செவித்திறன் சோதனையில் இடது காது தேறவில்லை. காதில் பனிக்குட நீரும், பிறந்த குழந்தையின் தோலில் ஒட்டியிருக்கும் வெண்ணிற மாவும் தேங்கியிருந்தால் முதல் ஓரிரு நாளில் இப்படி அடிக்கடி வரும். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது அப்படித் தெரியவில்லை. ஒன்பதாவது வாரத்தில் சொல்லப்பட்ட 'காது கேட்காமல் போகலாம்' என்ற வாக்கியம் மறுபடி எழுந்துவந்துவிட்டது. கணவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

குழந்தையின் சிறுநீரில் சி.எம்.வி.க்கான பி.சி.ஆர். பரிசோதனை, அதாவது வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் சோதனை, செய்ய வேண்டும் என்று குழந்தை மருத்துவரும் நாங்களும் பிரசவத்துக்கு முன்பே பேசிவைத்திருந்தோம். காது தேறாத குழந்தைக்கு எப்படியும் அது செய்ய வேண்டிய சோதனைதான். பிறந்த 21 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் தென்பட்டால் கருவிலேயே வந்ததா, தாய்ப்பால் வழியாகப் பின்னர் வந்ததா என்று பிரிக்க முடியாது. குழந்தையின் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பதாலும் பயனில்லை. தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கும், பாசிட்டிவ் என்று வந்து இன்னொரு பயத்தைத்தான் கிளப்பும். எச்சிலிலும் பார்க்கலாம், ஆனால் பால் குடித்த உடனே எடுத்தால் தாய்ப்பாலில் உள்ள வைரஸ் கலந்து ஏமாற்றும். அதனால் சிறுநீரைத் தேர்ந்தெடுத்தோம். மூன்றாம் நாள் எடுத்தோம். நெகட்டிவ்.

மூன்று வாரம் கழித்துச் செவித்திறனை மறுபடி சோதித்ததில் இரண்டு காதும் தேறின.

இதற்கிடையில் தாய்ப்பால் கொடுக்கலாமா என்ற கேள்வி மாமியாரிடமிருந்து வந்தது. பாலில் வைரஸ் இருக்கும் என்று நானே முன்பு சொல்லியிருந்ததை அவர் மறக்கவில்லை. நிறைமாதக் குழந்தைக்கு அதனால் கெடுதல் வருவதில்லை. தாயின் ஆன்டிபாடி ஏற்கெனவே குழந்தையிடம் இருக்கிறது. மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம்தான் யோசிக்க வேண்டும். தாராளமாகக் கொடுக்கச் சொன்னோம்.

ஒரு வயதில் பார்த்தபோது குழந்தை வயதுக்கேற்ற வளர்ச்சியோடு இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியது. தாய் அங்கன்வாடி வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பதில் வேறாக வந்திருந்தால்

இதைப் படித்துவிட்டு 'சி.எம்.வி. ஐ.ஜி.எம். என்றாலே பொய்' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய ரிப்போர்ட் இல்லாமல், ஐ.ஜி.எம். தெளிவாக உயர்ந்து, அவிடிட்டியும் தாழ்ந்து வந்திருந்தால் எங்கள் பேச்சே வேறாக இருந்திருக்கும். கருமருத்துவ நிபுணரிடம் உடனே அனுப்பியிருப்போம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் முதல் தொற்று வந்த பெண்களுக்கு வாலாசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை அதிக அளவில் கொடுத்தால் கருவுக்குப் பரவுவது குறைகிறது என்று இஸ்ரேலில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைப் பற்றியும் பேசியிருப்போம். பனிக்குட நீர்ச் சோதனையும் பட்டியலில் வந்திருக்கும். அப்போதும்கூடக் கலைப்பது முதல் வார்த்தையாக இருக்காது. தொற்று கருவுக்குப் போயிருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் பிறக்கும்போது எந்தப் பாதிப்பும் இல்லாமல் பிறக்கிறார்கள். பின்னால் காது பாதிக்கப்படலாம் என்பதால் சில வருடம் கண்காணிக்க வேண்டும்.

மாற்றியவை

இந்தப் பெண் வந்துபோன பிறகு எங்கள் ஆய்வகத்தில் டார்ச் தொகுப்பு என்ற ஒற்றைக் கட்டத்தைக் கோரிக்கைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். எந்தக் கிருமி, என்ன காரணம், எத்தனையாவது வாரம் என்று மருத்துவர் எழுத வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. பிறகு வரும் கோரிக்கைகளே குறைந்துவிட்டன.

கர்ப்பிணியின் சி.எம்.வி. ஐ.ஜி.எம். பாசிட்டிவ் வந்தால் ரிப்போர்ட்டை அப்படியே வெளியே விடுவதில்லை. அதே மாதிரியிலிருந்து அவிடிட்டிக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுகிறோம். ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம்: இந்த முடிவு மட்டும் புதிய தொற்றைக் காட்டாது, இதை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். ரிப்போர்ட்டை வீட்டில் முதலில் படிப்பது குடும்பம்தான் என்பதால் தமிழில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

கர்ப்பப் பதிவின்போது எடுக்கும் முதல் ரத்தத்தில் மீதமாகும் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, பிரசவம் வரை உறைநிலையில் வைக்கிறோம். இந்தப் பெண்ணுக்கு அதிர்ஷ்டவசமாக ஒரு பழைய காகிதம் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்காது. உறைந்த மாதிரி இருந்தால், சந்தேகம் எழும்போது பழையதையும் புதியதையும் ஒரே நாளில் ஒரே கிட்டில் வைத்துப் பார்த்துவிடலாம்.

இன்னும் நடக்காதது ஒன்று உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே ருபெல்லா ஐ.ஜி.ஜி. பார்த்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுவது. டார்ச்சில் உள்ளவற்றில் தடுப்பூசியால் முழுதாகத் தடுக்கக்கூடியது அது ஒன்றுதான், கர்ப்பமான பிறகு அந்த ஊசியைப் போட முடியாது. கரு கலைந்து சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் அடுத்த கர்ப்பத்துக்கு முன் இதைப் பார்க்கும்படி மகப்பேறு துறையோடு பேசிவருகிறேன்.